முன்பல் சொன்ன பொய்

இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டைச் சுடரில் காட்டி, அது இளகி வளைந்ததும் பிளாஸ்டர் அச்சின் மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள் பாறை. மெழுகு ஆறுவதற்குள் பற்களை நட்டாக வேண்டும். நடுவில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, பிறகு கோரைப்பல், அப்புறம் உள்ளே போகப் போக அகலமானவை. மேல் வரிசைக்குப் பதினான்கு. அவள் விரல்களுக்கு எண்ணிக்கை தேவைப்படவில்லை. நெல்மணி பொறுக்குகிற கோழியைப் போல அவை தட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன.

பல் செட் செய்கிற அந்தக் கூடத்தில் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். ஒருவரும் பல் சம்பந்தமாகப் படித்தவரில்லை. படித்து வந்த ஒரே பையன் மூன்று மாதத்தில் கிளம்பிப் போய்க் கார் விற்றுக்கொண்டிருந்தான். மற்றவர்களை அவரவர் வாங்கிய பட்டத்தால்தான் கூப்பிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கூடத்தை நடத்தியவள் வக்கீலக்கா. சட்டம் படித்தவள், ஒரு நாள்கூட நீதிமன்றப் படி ஏறாதவள். பக்கத்து மேசைக்காரர் பொருளாதாரம். "நான் படிச்சது தேவையும் அளிப்பும். இங்க தேவை பல்லு, அளிக்கிறது நான். படிச்ச வேலையத்தானே பாக்கறேன்" என்பார். நிலவியல் படித்தவள் பாறை ஆனாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

பாறைக்கு ஒரு பழக்கம் உண்டு. கை வேலை செய்யும்போது மனம் வேறெங்காவது போய்விடும். பிளாஸ்டர் மாவில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் கிண்ணம் மெல்லச் சூடாகும். மற்றவர்களுக்கு அது சாந்து. அவளுக்கு அது ஜிப்சம். எந்தக் காலத்திலோ வற்றிப்போன கடல் விட்டுச்சென்ற கல். அதைச் சுட்டுப் பொடியாக்கி மூட்டையில் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அது தன்னை நினைவுபடுத்திக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சூடு அதனால் வருவது. கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி அவள் அந்தக் கடலோரம் நின்றுகொண்டிருப்பாள். பறவை கிடையாது, மரம் கிடையாது. வெள்ளைக் கரை, தட்டையான வெளிச்சம், முழங்கால் அளவுத் தண்ணீர். மெருகு போடுகிற நுரைக்கல் தூளை எடுத்தால் எரிமலைச் சரிவு. மெழுகில் அவள் வழிக்கும் ஈறுகள் மாலை வெயில் பட்ட குன்றுகள். அவற்றின் நடுவே நடந்து போவாள். யாரும் கூப்பிட்டால் திரும்பி வருவாள். இத்தனைக்கும் ஒரு பல்லும் கோணியதில்லை. கனவு கண்டால் காணட்டும், கை ஒழுங்காக இருந்தால் போதும் என்று வக்கீலக்காவும் விட்டுவிட்டாள்.

படித்து முடித்தவுடன் அவளுக்கு வேலை கிடைக்காமல் இல்லை. நிலத்தடித் துளை போடும் ஒரு முகாமுக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. அங்கே பெண்கள் தங்க அறை கிடையாது என்றும் அதில் எழுதியிருந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை எடுத்து உள்ள வையுங்க" என்றார். வைத்தார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், தெருமுனையில் ஆள் தேவை என்ற பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தாள். அவ்வளவுதான், இருபத்து மூன்று வருடம்.

நடுவில் ஒரு முறை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, மேல்வரிசையில் முன்பல் நான்கும் போயின. அழுதுகொண்டிருக்க நேரமில்லை. தன் வாயைத் தானே அச்செடுத்து, நிறம் பார்த்து, நான்கு பல் செய்து மாட்டிக்கொண்டாள். அசல் எது, செய்தது எது என்று அவள் கணவருக்கே தெரியாது. போகப் போக அவளுக்கும் மறந்துவிட்டது.

இப்போது மறுபடி ஒரு கடிதம் வந்திருந்தது. நிலத்தடி நீர் நிறுவனம் ஒன்றுக்கு, துளையிலிருந்து வரும் மண்ணையும் கல்லையும் பார்த்து, இன்ன ஆழத்தில் இன்னது என்று எழுதுகிற ஆள் தேவை. வயது தடையில்லை. விளம்பரத்தைப் பார்த்த அன்றே, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். நேர்முகத் தேர்வு இன்று பிற்பகல்; கூடத்தில் காலையில்தான் சொன்னாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் வக்கீலக்கா.

"ரெண்டு மணிக்குக்கா."

"சர்ட்டிஃபிகேட்டெல்லாம் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்தாச்சு. ஓரத்துல கொஞ்சம் கரையான் படிச்சிருக்கு."

"அதாவது படிச்சதை ஜீரணம் பண்ணியிருக்கே" என்றார் பொருளாதாரம், தலையைத் தூக்காமல்.

பாறை சிரித்தாள். ஆனால் சான்றிதழ்களை இன்னொரு முறை எடுத்து எண்ணிப் பார்த்தாள். இந்த முறை தவறினால் இன்னொரு கடிதம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

தேர்வு நடந்தது ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகையில். வரிசை வரிசையாக மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பூமிக்கடியிலிருந்து உருவி எடுத்த கல், தடிமனான மெழுகுவர்த்தி போலத் துண்டு துண்டாகப் படுத்திருந்தது. நடுவே ஒரு மேசை, வளைகழுத்து விளக்கு, முதுகுச் சாய்வில்லாத முக்காலி, தண்ணீர்க் கிண்ணம், ஒரு பிரஷ். பாறை நின்று பார்த்தாள். மலை, வெயில், காற்று என்று இத்தனை வருடம் மனதால் நடந்து திரிந்ததெல்லாம் கடைசியில் இந்த முக்காலிக்கா? பல் கூடத்தில் அவளுடையதும் இதே உயரம்தான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

தேர்வு செய்ய இரண்டு பேர். ஒருவர் தலை நரைத்த அதிகாரி. மற்றவள் முப்பது வயதுப் பொறியாளர் பெண். அவள் ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது என்னங்க?"

பாறை அதை நனைத்தாள், விளக்கடியில் திருப்பினாள், சொன்னாள். அடுத்தது வந்தது. அதையும் சொன்னாள். குரல் தடுமாறவில்லை. இத்தனை நாள் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருந்த பெயர்கள் கூப்பிட்டதும் எழுந்து வந்தன.

மூன்றாவதாக ஒரு தட்டில் ஈரமான சாம்பல் நிறச் சேற்றை நகர்த்தி வைத்தாள் அந்தப் பெண்.

"இது களிமண்ணா, வண்டலா? மாத்தி எழுதிட்டா குழாயைத் தப்பான ஆழத்துல நிறுத்திடுவோம். போன வருஷம் அப்படி ஒண்ணு நடந்தது. அதான் இதைக் கண்டிப்பா கேக்கறோம்."

கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. வண்டலின் பொடி விரலுக்குப் பிடிபடாது, பல்லுக்குப் பிடிபடும். ஒரு சிட்டிகை எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைத்து மெல்லக் கடிக்க வேண்டும். நெறுநெறுத்தால் வண்டல். வெண்ணெயாக வழுக்கினால் களி. பாறை யோசிக்கவேயில்லை. எடுத்தாள், கடித்தாள். வழுவழுவென்று இருந்தது.

"களிங்க."

பொறியாளர் பெண் எழுதிக்கொண்டாள். அதிகாரி பேனா மூடியைத் திருகினார். அந்தத் திருகலில் ஏதோ இருந்தது.

பாறை கையைத் துடைக்கப் போனாள். விரலில் ஒட்டியிருந்த சேறு அதற்குள் காய்ந்திருந்தது. களி காய்ந்தால் தோலை விடாது; சுரண்டத்தான் வேண்டும். இது மாவைப் போல உதிர்ந்து விளக்கு வெளிச்சத்தில் பறந்தது. அவள் நாக்கு தானாகப் போய் முன்பல்லைத் தொட்டது. வழவழப்பு. அவள் போட்ட மெருகு.

ஒரு கணம் பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒரு நிமிஷம். அதை அடிச்சிடுங்க. இந்த நாலு பல்லு என்னுதில்ல."

"என்னது?"

"மேல முன்னாடி இருக்கறது நான் செஞ்சது. அதுக்கு உணர்ச்சி கிடையாது. நான் செஞ்ச பல்லு எனக்கே பொய் சொல்லிடுச்சு." இன்னொரு சிட்டிகை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கி மென்றாள். நெறுக்கென்றது. காதுவரை கேட்டது. "வண்டல். நல்ல பொடி வண்டல். களி துளிகூட இல்ல."

பொறியாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"காலையிலிருந்து ஏழு பேர் வந்தாங்கம்மா. யாரும் வாயில வைக்கல. கண்ணால பாத்தே சொல்லிட்டாங்க. அஞ்சு பேர் தப்பு." பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "தப்பா எழுதினதை அடிக்கச் சொன்னவங்களும் யாரும் இல்ல" என்றார்.

வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். அரைமணி கழித்துக் கூப்பிட்டார்கள். ஒரு வருட ஒப்பந்தம். மாதத்தில் பத்து நாள் துளை போடுகிற இடத்தில் தங்க வேண்டும்.

"தங்க இடம் இருக்கு. பொம்பளைங்களுக்குத் தனி அறை. உள்தாழ்ப்பாள் இருக்கு, நானே பாத்தேன்" என்றாள் பொறியாளர் பெண். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க. இந்தப் படிவத்தையும் நிரப்பிக் குடுத்துடுங்க."

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் சாய்ந்து தூரத்துக் குன்றுகள் இளஞ்சிவப்பாகிக்கொண்டிருந்தன. பாதித் தூக்கத்தில் அவற்றின் மேல் வரிசையாகப் பல் நடலாமே என்று தோன்றியது. அகலமான கடைவாய்ப் பற்கள் அடிவாரத்தில், கோரைப்பல் உச்சியில். திடுக்கிட்டு விழித்தாள். இதுதான் நடக்கப் போகிறதா? பல்லுக்கு முன்னால் உட்கார்ந்து மலையைக் கண்டவள், கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து பல்லைக் காணப் போகிறாளா? கைப்பை மடியில் கனத்தது. கொட்டகையில் அந்த வண்டலில் ஒரு பிடியைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று. அவள் அதைப் படிவத்தோடு சேர்த்துப் பிடித்தபடி மறுபடி கண் மூடினாள். இம்முறை ஒன்றும் வரவில்லை. இருட்டாக, அமைதியாக இருந்தது.

வீட்டில் கணவர் விளக்குப் போட்டுவிட்டுச் சட்டையிலிருந்த கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சரித்திரம் படித்தவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "ராஜாக்களைப் பத்தி மூணு வருஷம் படிச்சேன். இப்ப மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவங்களை இழுத்து வெளிய விடறேன்" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

நடந்ததைச் சொன்னாள். முன்பல் கதைக்கு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

"சரி. போகப் போறியா?"

"பயமா இருக்குங்க. அக்காகிட்ட இருக்கற வேலை நிரந்தரம். இது ஒரு வருஷம். அதுவும் மலையெல்லாம் இல்ல, அங்கேயும் ஒரு முக்காலிதான்."

"அப்ப வேணாம்னு சொல்லிடு."

பாறை துணி மடிக்கிறவள் போல மடியிலிருந்த படிவத்தை மடித்தாள், பிரித்தாள்.

"இது என்னன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், அதை எழுதிக்கிட்டாங்க. இருபத்து மூணு வருஷமா யாரும் என்னை அப்படிக் கேட்டதே இல்ல."

"ஏன், நான் கேக்கலையா? நேத்துகூட தட்டுல நீ போட்டதைப் பாத்து இது என்னன்னு கேட்டேனே."

"உங்களுக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது இனிமே."

"பத்து நாள் கிடையாதுன்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர். எழுந்து போய் அலமாரி மேலிருந்த பயணப் பையை இறக்கி, தூசியைத் தட்டி, ஜிப் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். சிக்கியது. மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்து அதன் மேல் தேய்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை பாறை வழக்கத்துக்கு முன்பே கூடத்துக்குப் போனாள். மாடிப்படியில் நின்று அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, "வர்றேங்க" என்றாள். உள்ளே வந்து வக்கீலக்காவிடம் சொன்னாள். வக்கீலக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் இருப்பேல்ல?"

"இருப்பேன்கா."

"எட்டு செட்டு இருக்கு. முடிச்சுட்டுப் போ." மெழுகைச் செதுக்கியபடியே, "அங்க சரிப்படலைன்னா சண்டை போடாம திரும்பி வந்துடு. எனக்கு வழக்காடத் தெரியாது" என்றாள்.

மூன்று அச்சுக்குப் பிளாஸ்டர் ஊற்றிவிட்டு, அது இறுகும் நேரத்தில் பாறை படிவத்தை மேசையில் விரித்தாள். படிப்பு என்ற இடத்தை நிரப்பினாள். அனுபவம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"இல்லைன்னு எழுது. உண்மையைத்தான் எழுதணும்" என்றார் பொருளாதாரம்.

அவள் விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, 'பல் கூடம், இருபத்து மூன்று வருடம்' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் அச்சுகள் இறுகியிருந்தன. படிவத்தை உறையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, முதல் அச்சைத் திறந்தாள்.