பச்சைக்குள் நிற்காத முள்

டிரெவரின் நாள் சமையலறை மூலையில் தொடங்கும். அங்கே சுவரில் மாட்டிய பாய்லரின் வட்ட முகத்தில் ஒரு சின்ன முள் உண்டு. அது பச்சைக்குள் நின்றால் வீடு சூடாகும், குழாயில் வெந்நீர் வரும். சிவப்புக்கு இறங்கினால் இரண்டும் கிடையாது. இந்தக் குளிர்காலம் முழுக்க அது தினமும் இறங்கியது. அவரும் தினமும் குனிந்து, அடியில் இருக்கும் திருகைத் திறந்து உள்ளே தண்ணீர் விடுவார். முள் ஏறியதும் மூடிவிட்டு டீ போடப் போய்விடுவார்.

இங்கிலாந்தின் பேட்லி ஊரில் காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். கொதிக்கிற எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே மேட்டை ஏற்றிவிடுவார். பணிமனையில் ஒரு புகார் சொன்னதில்லை. பல்வலிக்குக் கிராம்பு, கூரை ஒழுகினால் வாளி. எதையும் இப்படியே ஓட்டிவிடலாம் என்ற அசட்டு நம்பிக்கை அவருக்கு.

மனைவி மேவிஸுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மாடி ஏற முடியாததால் முன்னறையில், பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை ஒட்டிக் கட்டில். பக்கத்திலேயே ராத்திரி அவசரத்துக்கு ஓட்டை வைத்த நாற்காலி. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஐலீன் கறாராகச் சொல்லியிருந்தாள்.

“வீடு சூடா இருக்கிற வரைக்கும் இவங்க இங்க இருக்கலாம். இல்லேன்னா முதியோர் ஹோமுக்குத்தான் அனுப்புவேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

ஹோமுக்குப் போன மேவிஸின் அக்கா திரும்பி வரவில்லை. அதனால்தான் பாய்லருக்கு ஆள் கூப்பிடவே டிரெவருக்குப் பயம். வருகிறவன் வாயிலிருந்து ‘இது தேறாது’ என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

ஜனவரியில், பனி உறைந்த ஒரு காலையில், பாய்லர் உள்ளுக்குள் தடதடவென்று அடித்துக்கொண்டு நின்றேபோனது. வேறு வழியில்லாமல் மெக்கானிக் ரஸலைக் கூப்பிட்டார்.

“தண்ணி எப்பப்ப ஏத்துறீங்க?” என்று கேட்டான் ரஸல்.

“அப்பப்ப.”

“அப்பப்பன்னா?”

“தினமும்தான்.”

ரஸல் ஒரு குழாயைக் கழற்றினான். கறுப்புச் சேறு வழிந்தது. “புதுத் தண்ணி போகப் போகப் புதுத் துரு, ஐயா. அது அடைச்சு உள்ள வெடிச்சிருக்கு. இந்த மாடலுக்குப் பார்ட்ஸும் வர்றதில்ல. புதுசுதான் மாட்டணும், அடுத்த வாரம் ஆயிடும். அதுக்கு முன்னாடி, ஏத்துன தண்ணியெல்லாம் எங்க போச்சுன்னு பாக்கணும்.”

அதிக நேரம் தேடவேண்டியிருக்கவில்லை. முன்னறை ரேடியேட்டரின் அடியில், நாற்காலிக்குப் பின்னால், கம்பளம் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. அதன்மேல் மடித்து மடித்துப் போட்ட துண்டுகள். ரஸல் ஸ்பேனரை வைத்து நட்டை அரைச்சுற்று முடுக்கினான். கசிவு நின்றுவிட்டது.

டிரெவர் துண்டுகளைப் பார்த்தார். “இதெல்லாம் யாரு போட்டது?”

மேவிஸ் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான்தான். ராத்திரி நாற்காலில உக்காரும்போது நானே ஒண்ணுக்கு சிந்திடறேன்னு நெனச்சேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு.”

“வெக்கமா இருந்துச்சு. ஐலீனுக்குத் தெரிஞ்சா ஹோமுன்னு சொல்லிடுவாளேன்னும் பயம். நீ மட்டும் எங்கிட்ட முள்ளு இறங்குதுன்னு சொன்னியா?”

டிரெவர் ஈரத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுருட்டினார். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தினமும் ஊற்றிய தண்ணீர்தான் பாய்லரைக் கொன்றிருக்கிறது.

மதியம் ஐலீன் வந்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். திட்டவில்லை. போன் பேசிவிட்டு மேவிஸின் உடுப்புகளைப் பையில் எடுத்துவைத்தாள். அடுத்த வாரம் கூட்டி வந்துவிடலாம் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

வாசலில் ஹோம் வண்டி வந்து நின்றது. கோட்டும் தொப்பியுமாகச் சக்கர நாற்காலியில் மேவிஸ். ரஸல் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“புது பாய்லருக்கு ஆர்டர் போடணும் ஐயா. பெருசா, சின்னதான்னு கேக்கறாங்க. வீட்ல எத்தனை பேரு?”

“ரெண்டு பேர்,” என்றார் டிரெவர்.

“சின்னதே போதும் தம்பி,” என்றாள் மேவிஸ், மூச்சு வாங்கிக்கொண்டே. “இந்த மனுஷன் குளிக்கிறதே வாரத்துக்கு ஒருதடவைதான்.”

“ரெண்டு பேர்,” என்றார் அவர் மறுபடியும்.

ரஸல் தலையைக் குனிந்து போனில் எதையோ தட்டினான். எதைத் தட்டினான் என்று டிரெவர் கேட்கவில்லை.