உப்பு அக்காவும் நாலு இழையும்

சுட்டுவிரலால் கரண்டிக் காம்பில் ஒரு தட்டு. எடைத்தட்டில் நாலைந்து குருணை விழுகிறது. இன்னொரு தட்டு, இன்னும் இரண்டு. திரையில் எண் ஓடி நிற்கும்வரை உப்பு அக்கா மூச்சு விடுவதில்லை. மின்விசிறியை முன்பே நிறுத்தியாயிற்று. அந்த நேரம் பார்த்து யாராவது கதவைத் திறந்தால், திரும்பியே பார்க்காமல் சொல்வார்: "உள்ள வர்றதுன்னா வாங்க, போறதுன்னா போங்க. காத்தைக் கூட்டிக்கிட்டு வாசல்ல நிக்காதீங்க."

அது ஓர் உயிரியல் ஆய்வுக்கூடம். இரண்டாவது மாடியின் கோடி அறையில் உப்புக் கரைசல் கலப்பது அக்காவின் வேலை. இருபத்திரண்டு வருடமாகிறது. ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுடைய குழாய்களில் இருப்பதெல்லாம் அக்கா கலந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவரைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியை கூட "உப்பு அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

ஒவ்வொரு உப்புக்கும் ஒரு குணம் வைத்திருக்கிறார். "சோடியம் சாது. பொட்டாசியம் பொறுப்பான புள்ள, போட்ட இடத்துல கிடக்கும். இந்த லித்தியம் இருக்கே, சரியான அழுமூஞ்சி. மூடியைத் திறந்தாலே கண்ணு கலங்கிடும்." காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து, கசகசவென்று கரண்டியோடு ஒட்டிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்வார்.

வீட்டுச் சமையலில் அளவு கிடையாது. கணவர் பேருந்து ஓட்டுநர், வாய்க்கொழுப்புள்ள மனிதர். "அங்க ஒரு குருணை பிசகாது. இங்க ஒரு நாள் கடல், ஒரு நாள் குளம்" என்பார். "வீட்லயும் அளந்துக்கிட்டே இருந்தா நான் எப்பங்க மனுஷியா இருக்கிறது?" என்பார் அக்கா.

இரண்டு வருடமாக அவருக்குப் பொடி எழுத்து தெரியவில்லை. கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் படிப்பார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. கைதான் நீளம் பத்தல." கண் மருத்துவரிடம் போகலாம் என்று கணவர் நச்சரித்தும் அசையவில்லை. காரணம் அக்காவின் மனதுக்குள் இருந்தது. அவருக்கு முன்னால் அந்தத் தராசில் இருந்தவர், கண்ணாடி போட்ட மறுமாதமே கிடங்குக்கு மாற்றப்பட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, அக்கா முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாட்டில்களை மூடியின் நிறத்தை வைத்தே எடுத்தார். நீலம் சோடியம், பச்சை பொட்டாசியம், சிவப்பு லித்தியம்.

பக்கத்து அறையில் ஒரு மாணவி. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு திரிகிற, அதிகம் பேசாத பெண். அவள் ஆராய்வது டி.என்.ஏ.வின் ஒரு விசித்திரக் கோலத்தை. இரண்டு இழை முறுக்கிய ஏணி என்றுதான் நாமெல்லாம் படித்தோம். ஆனால் 'ஜி' என்ற எழுத்து கூட்டமாக வரும் இடங்களில் ஒற்றை இழையே முன்னும் பின்னுமாக மடிந்து, நாலு இழையாக எழுந்து நிற்குமாம். ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு மடியாத இழையும் வேண்டியிருந்தது. அதுதான் கிடைக்கவில்லை. ஜெல் எனப்படும் கூழ்ப்பலகையில் இழையை வைத்து மின்சாரம் விட்டால் மடியாத இழை பின்தங்க வேண்டும். மடிந்ததுதான் கச்சிதமாக முன்னே ஓடும். அவளுடையது ஆறு வாரமாக ஒவ்வொரு முறையும் முன்னே ஓடியது. எல்லோரும் இருந்த கூட்டத்தில் பேராசிரியை சொல்லிவிட்டார்: "கை சுத்தமில்லன்னா எதுவும் சுத்தமா வராது."

அன்று மத்தியானம் அக்கா இறங்கி வந்தபோது மாடிப்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமல் மடியில் இருந்தது.

"விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கேன்க்கா. எனக்கு இது கைவரல."

"என்னம்மா ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"நாலு ஜி சதுரமா கைகோத்து நிக்கும்க்கா. அந்த மாதிரி சதுரம் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும். நடுவுல பொட்டாசியம் வந்து உக்காந்தாத்தான் நாலு இழையும் கலையாம நிக்கும். லித்தியம் ரொம்பப் பொடிசு, அதால பிடிச்சு நிறுத்த முடியாது. நீங்க குடுத்த லித்தியம் கரைசல்ல இது பிரிஞ்சு கிடக்கணும். என்கிட்ட மட்டும் நிக்குது. அப்ப தப்பு என் கையிலதானே?"

 அக்காவுக்கு அந்தக் கரைசலைக் கலந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு லித்தியம் அழவில்லை. பொலபொலவென்று விழுந்தது. "பரவாயில்லையே, இன்னைக்குச் சமத்தா இருக்கியே" என்று அதைக் கொஞ்சியது கூட நினைவிருந்தது.

அறைக்குப் போய்ச் சிவப்பு மூடி பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தெரியவில்லை. கைபேசியில் படமெடுத்து, விரலால் பெரிதாக்கினார். பொட்டாசியம் குளோரைடு. புதுச் சரக்கில் பொட்டாசியத்தின் மூடி சிவப்பாக மாறியிருந்தது. கலந்த கரைசலின்மேல் 'லித்தியம்' என்று எழுதி ஒட்டியது அவருடைய கை.

அலமாரியின் பின்வரிசையில் நிஜ லித்தியம் இருந்தது. பத்தே நிமிடத்தில் புதுக் கரைசல் தயார். சத்தமில்லாமல் பாட்டிலை மாற்றிவைத்தால் போதும். நாளைக்கே இழை பிரியும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பாட்டிலை எடுத்துக்கொண்டு நடைவழியில் பாதி தூரம் போனார், நின்றார். இழை பிரியும், சரி. அந்தப் பெண்? இனி எது பிசகினாலும் தன் கையைத்தானே முதலில் சந்தேகப்படுவாள்? பேராசிரியையின் கதவை இரண்டு முறை தாண்டிப் போனார். மூன்றாவது முறை, சிவப்பு மூடி பாட்டிலையும் எடுத்துவந்து தட்டினார்.

"மேடம், அந்தப் புள்ள கை சுத்தம். என் கண்ணுதான் சரியில்ல."

பேராசிரியை இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா நாங்கல்லாம் உங்க கரைசலை நம்பி..." 

அலமாரியில் இருந்த கரைசல்களையெல்லாம் சோதித்தார்கள், வேறெதிலும் பிசகில்லை. மாணவியிடம் பேராசிரியை எல்லோர் முன்னிலையிலும் தன் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அக்காவைக் கிடங்குக்கு அனுப்பவில்லை. ஆனால் கண்ணாடி போட்டே ஆகவேண்டும். இனி ஒவ்வொரு கரைசலையும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஒற்றைக் கையெழுத்து இருந்த பதிவேட்டில் பக்கத்திலேயே இரண்டாவது கட்டம் கோடிழுக்கப்பட்டது. அக்காதான் அளவுகோல் வைத்து இழுத்தார்.

புதுக் கரைசலில் இழை பிரிந்து, ஒழுங்காகப் பின்தங்கியது. இருந்தும் மாணவி இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து தராசருகே நின்றாள்.

"ஆறு வாரம்க்கா. தினமும் என்னையே திட்டிக்கிட்டேன்."

"தெரியும்மா."

"சொல்லாம மாத்தி வெச்சிருக்கலாமே?"

"வெச்சிருக்கலாம்."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, எடை போட்டு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அக்காவின் மூக்கில் கறுப்பு விளிம்புக் கண்ணாடி, நிமிடத்துக்கு ஒருமுறை வழுக்குகிறது. போட்ட அன்று வீட்டுக்குப் போனதும் கணவரை நெருங்கி நின்று பார்த்திருக்கிறார். "எப்பங்க இவ்வளவு நரைச்சீங்க? சொல்லவே இல்லையே!"

இரண்டாவது கையெழுத்துப் போடும் வேலை அந்த மாணவிக்கே வந்திருக்கிறது. காலையில் அரக்கப்பரக்க ஓடி வருவாள். "நீங்க கலந்தா சரியாத்தான் இருக்கும், குடுங்கக்கா" என்று பதிவேட்டை இழுப்பாள்.

 அக்கா உள்ளங்கையால் கையெழுத்துக் கட்டத்தை மூடிக்கொள்வார். மறுகையால் பாட்டிலைத் திருப்பி, அதன் எழுத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தபடி, அவள் படித்து முடிக்கும்வரை நிற்பார்.