லாடம் கட்டின எழுத்து

மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சும்போது எழுகிற புளித்த வாசனையோடுதான் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பொழுது விடியும். வீட்டுக்குப் பின்னால் அப்பா சின்னதாக ஒரு ‘தீப்பெட்டி ஆபீஸ்’ வைத்திருந்தார். ஊரில் யாரும் அதைத் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பையை எறிந்துவிட்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

மஞ்சள் தாளில் சிவப்பு மையில் ஒரு கோழி. அதன் கீழே இங்கிலீஷில் ‘ஹென்’ என்று மூன்றே எழுத்து. ஒவ்வொன்றும் தடித்தடியாக, கோடு முடிகிற இடத்தில் எல்லாம் குறுக்கே ஒரு பட்டையை வைத்துக்கொண்டு, யார் தள்ளினாலும் விழமாட்டேன் என்று வீம்பாக நிற்கும். எங்களிடம் வேலை பார்த்த மாரியம்மாக்கா அதற்கு ‘லாடம் கட்டின எழுத்து’ என்று பெயர் வைத்திருந்தாள். புதூர்ப் பக்கம் மாடுகளோடு வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

அந்த வகை எழுத்துக்கு ‘ஸ்லாப் செரிஃப்’ என்று பெயர் இருப்பதும், தூரத்திலிருந்து கண்ணில் படவேண்டிய சுவரொட்டிகளிலும் டைப்ரைட்டரிலும் அது உழைத்திருப்பதும் பிற்பாடு சென்னையில் புத்தக வடிவமைப்பு படிக்கப்போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. மட்டமான தாளில் மை பரவினாலும் அந்தத் தடித்த கால்கள் தாங்கிக்கொள்ளும், மெல்லிய கோடுகள்தான் அறுந்துபோகும் என்று அங்கே பாடம் நடத்தினார்கள். எனக்கு அந்தப் பாடம் எட்டாம் வகுப்பிலேயே நடந்து முடிந்திருந்தது.

சிவகாசி அச்சகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்திறங்கிய சமயம் அது. எங்கள் பழைய அச்சுக்கட்டை தேய்ந்துவிட்டதால், புதிதாக எந்த எழுத்து வேண்டும் என்று கேட்டு, ஏழெட்டு மாதிரிகளை ஒரே தாளில் அடித்து அனுப்பியிருந்தார்கள். அப்பா அதை என் முன்னால் விரித்தார்.

“நீதானட்டி இங்கிலீஸ்ல படிக்கே. எது நல்லாருக்குன்னு பாத்துச் சொல்லு.”

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் வருமே, சாய்ந்து நெளிந்து மெல்லிசாக, அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்த அம்மா, “இது நம்ம பெட்டி கணக்காவே இல்லையே” என்றாள். இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு இதில் என்ன பேச்சு என்று நான் உதட்டைச் சுழித்தேன். அந்தச் சுழிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

புது லேபிள் ஒட்டிய பண்டல்கள் வழக்கம்போல ஒரிசாவுக்குப் போய், ஒரே மாதத்தில் அதே லாரியில் திரும்பி வந்தன. கூடவே வந்த வியாபாரியின் இங்கிலீஷ் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னவளும் நான்தான். அங்கே மலைச் சந்தைக்கு வருகிற ஜனங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம்; கோழிப் படம் நாலைந்து பெட்டிகளில் உண்டு என்பதால் தடித்த எழுத்தைப் பார்த்துத்தான் எங்கள் பெட்டியை எடுப்பார்களாம்; இப்போது மெல்லிசாக, அங்கங்கே மை விட்டுப்போய்க் கிடப்பதைப் பார்த்துக் கள்ளப் பெட்டி என்று ஒதுக்கிவிட்டார்களாம். வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அப்பா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பழைய எழுத்தில் மறுபடி லேபிள் அடித்து வரும்வரை ஆபீஸைப் பூட்டவேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் பெண்கள் வந்து நின்றபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“தப்பு எம்மேலதான்” என்றார் அப்பா. “எழுத்த மாத்தச் சொன்னது நாந்தான். மூணு வாரம் பொறுத்துக்கிடுங்க.”

வெளியே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன், கால் நகரவில்லை. அந்த மூன்று வாரமும் அவர்கள் விளாத்திகுளம் பக்கம் மிளகாய் வத்தல் பறிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது மாரியம்மாக்காவின் விரல்கள் காந்தலில் தோலுரிந்திருந்தன. அந்தக் கையாலேயே, காட்டுக் கொடியில் பறித்து மடியில் கட்டிக் கொண்டுவந்த மிதுக்கம்பழங்களை எனக்குத் தந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். அப்பாவும் கடைசிவரை அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

இப்போது அப்பா இல்லை. ஆபீஸ் இருந்த இடத்தில் யாரோ வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். தீப்பெட்டிகள் மெஷினில் விழுகின்றன. லேபிளைத் தனியாக ஒட்டுகிற வேலையே அங்கே கிடையாது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது விளாத்திகுளத்தில் மாரியம்மாக்காவைத் தேடிப் பிடித்தேன். நரைத்துப்போய், மகன் வீட்டு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லி முடித்தேன். எழுத்தை மாற்றச் சொன்னது அப்பா இல்லை, நான்தான் என்று.

அவள் சுளகைக் கீழே வைக்கவில்லை.

“அவிய சொல்லுதப்பவே எங்க அம்புட்டுப் பேருக்கும் தெரியும்” என்றாள். “கதவுக்குக் கீழ ஒங் காலு தெரிஞ்சுதுல்லா.”