பன்னிரண்டுக்குள் வராத பெர்லா மொந்தேரோ

பெர்லா மொந்தேரோ பிரபஞ்ச அழகிப் போட்டிக்கு மணிலாவிலிருந்து விமானம் ஏறியது ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை. அன்று காலையில்தான் இலோய்லோ பக்கத்துப் பொதோத்தான் ஊரில், டிரைசிக்கிள் என்ற மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டும் பெனிதோ பார்செரோவுக்குப் பெண் பிறந்தது. ரேடியோவில் விமான நிலையக் கூட்டத்தின் ஆரவாரம். தொட்டிலில் குழந்தையின் அழுகை. இரண்டும் ஒரே சுருதியில் இருந்ததாக பெனிதோ கடைசிவரை சாதித்தார்.

அதற்கு முன்பே நாட்டுக்கு இரண்டு முறை கிரீடம் வந்தாயிற்று. மூன்றாவதும் வரப்போகிறது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கிரீடம் வந்த பிறகு ஆளாளுக்கு அந்தப் பெயரை வைப்பார்கள், முந்திக்கொண்டால்தான் பெருமை என்று பெனிதோ அன்று மாலையே நகராட்சிக்கு வண்டியை விட்டார். வேறு எந்தப் பெர்லாவோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது பாருங்கள், அதனால் அழகியின் குடும்பப் பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னார். இப்படியாக, பார்செரோ வீட்டுப் பெண்ணின் முதற்பெயரே பெர்லா மொந்தேரோ ஆனது.

மூன்று வாரம் கழித்துப் போட்டி நடந்தது. முதல் சுற்றில் பன்னிரண்டு பெயர்களை வாசித்தார்கள். பெர்லா மொந்தேரோவின் பெயர் அதில் இல்லை.

தோற்றவர்களை இந்த நாடு மறக்காது. பெயர், ஆண்டு, எத்தனையாவது இடம் என்று சந்தைக்காரி வரை எல்லோருக்கும் மனப்பாடம். பள்ளியில் வரிசையில் நின்றால் பின்னாலிருந்து ஒரு குரல் பன்னிரண்டு வரை எண்ணும். பதிமூன்று என்றதும் எல்லோரும் பெர்லாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து மேடை நடை நடந்து காட்டுவாள். அழுதால்தானே தொடர்ந்து சீண்டுவார்கள்.

வளர்ந்து அவள் வேலைக்குச் சேர்ந்ததும் நகராட்சியின் பிறப்புப் பதிவுப் பிரிவில்தான். போட்டிக் காலத்தில் குழந்தையோடு வருகிற அப்பாக்களை அவள் திருப்பி அனுப்புவதே ஒரு வேடிக்கை. "முப்பது நாள் டைம் இருக்குண்ணே. ஃபைனல் முடியட்டும். அவசரப்பட்டா என்ன ஆகும்னு என்னைப் பாருங்க" என்பாள். கிரீடம் வந்த ஆண்டுகளில் ஒரே பெயரைப் பதினோரு தடவை எழுதிக் கை வலித்ததும் உண்டு. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது.

நாற்பத்தோராவது வயதில், ஊர்த் திருவிழா அழகிப் போட்டிக்கு அவளை நடுவராகக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கிக்காரர் பெயரை வாசித்து, ஒரு நொடி நிறுத்தி, "இந்தத் தடவை இவங்க பன்னிரண்டுக்குள்ள வந்துட்டாங்க, ஏன்னா நடுவரே மூணு பேர்தான்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் பெயர் மாற்ற விண்ணப்பத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'கேலிக்கு இடமான பெயர்' என்று எழுதினாள். புதுப் பெயர்: லிதியா. எந்த லிதியாவும் எந்தப் போட்டிக்கும் போனதில்லை என்று சரிபார்த்துக்கொண்டுதான் எழுதினாள்.

பக்கத்து மேசை நெனிதா எட்டிப் பார்த்தாள். "லிதியாவா? பல் டாக்டர் மாதிரி இருக்கு."

"பல் டாக்டரைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

சட்டப்படி இரண்டு வாரம் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. எழுபத்து மூன்று வயது பெனிதோ அதைப் படித்துவிட்டு மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நான்காம் நாள் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"நான் ஜெயிச்சவ பேரை வெக்கல. போட்டிக்குப் போனவ பேரை வெச்சேன்."

"பொய் சொல்லாதீங்கப்பா. தோத்துடுவான்னு தெரிஞ்சிருந்தா பக்கத்து வீட்டுப் பாட்டி பேரை வெச்சிருப்பீங்க."

பெனிதோ எழுந்து போய் வண்டியைத் துடைத்தார். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

ஏழு மாதத்தில் மணிலாவிலிருந்து ஒப்புதல் வந்தது. மூலப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. எழுத வேண்டியவள் அவள்தான். இத்தனை வருட வேலையில் தன் பக்கத்தை மட்டும் அவள் புரட்டிப் பார்த்ததே இல்லை. மாடி அறையில் தூசி தட்டி அந்த ஜூன் மாதத்தைத் திறந்தாள்.

அவளுடைய பெயர் அங்கே தனியாக இல்லை. அதே வாரத்தில் இன்னும் மூன்று பெர்லா மொந்தேரோக்கள் இருந்தார்கள். மூன்றையும் சிவப்பு மையால் அடித்து, மேலே ரோசலீ, தெரெசா, நோர்மா என்று எழுதியிருந்தார் பழைய பதிவாளர். மூன்றுக்கும் ஒரே தேதி, போட்டி முடிந்த மறுநாள். நான்காவது பெயரில் மட்டும் சிவப்பு படவில்லை. கீழே அப்பாவின் கோணல் கையெழுத்து.

பதிவேட்டை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே வந்தாள். பெனிதோ நகராட்சி வாசலில் வண்டியில் சாய்ந்து சவாரிக்குக் காத்திருந்தார்.

"மத்த மூணு பேரும் வந்து மாத்தியிருக்காங்கப்பா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? என் வண்டியிலதான் வந்தாங்க."

"நீங்க ஏன் இறங்கல?"

அவர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பொண்ணு அவ்வளவு தூரம் தனியா போய்ட்டு வெறுங்கையோட வருது. இறங்கினதும் பேரும் பறிபோச்சுன்னா நல்லாவா இருக்கும்?" பிறகு, மகள் கண் கலங்குவதைப் பார்த்துச் சங்கடப்பட்டு, "சவாரியும் இருந்துது" என்றார்.

பெர்லா மொந்தேரோ சத்தமாகச் சிரித்தாள். மேலே போய்ப் பதிவேட்டை இருந்த இடத்தில் வைத்தாள். மணிலாவின் ஒப்புதலை என்ன செய்ய என்று நெனிதா கேட்டதற்கு, பல் டாக்டர் ஊரைவிட்டே போய்விட்டார் என்று பதில் வந்தது. அடுத்த திருவிழாவில் அவளே ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, தன் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அதற்கும் மூன்று வருடம் கழித்து, நகராட்சியின் ஃபேஸ்புக் பக்கத்துக்குக் கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"என் தங்கச்சி ஊர்லேருந்து அனுப்பின கருவாட்டைப் பழைய பேப்பர்ல சுத்தியிருந்தா. அதுல என் பேரை ஒருத்தி வேண்டாம்னு சொல்றதாப் படிச்சேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. கேலின்னு எழுதியிருந்தே. பன்னிரண்டு பேரை வாசிச்சப்போ நான் மேடைக்குப் பின்னாடி செருப்பைக் கழட்டிட்டு, என்னை மாதிரியே வெளியே வந்த பெரு நாட்டுப் பொண்ணோட பொரிச்ச கோழி தின்னுட்டிருந்தேன். மூணு வாரப் பட்டினி. அந்தக் கோழி மாதிரி இன்னைக்கு வரைக்கும் சாப்பிட்டதில்லை. பேரை மாத்தலேன்னா ஒரு போட்டோ அனுப்பு, என் பேர் எப்படி இருக்குன்னு பாக்கணும். மாத்திட்டேன்னா புதுப் பேரைச் சொல்லு. நல்லா இருந்தா நானும் வெச்சுக்கறேன்."