வராத அறிவிப்பு

அன்றைய கூட்டத்தில் மூன்று பேர் இருந்தோம். எரிமலை ஆய்வாளர் ஹெலன், நிலநடுக்கப் பதிவுகளைப் பார்க்கும் மார்க், அவருக்குக் கீழே நான். என் அக்கா அங்கே இல்லை. ஆனாலும் அங்கே பேசியதை அவளிடம் சொன்னேன். பிறகு பொய்யும் சொன்னேன்!

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நியூசிலாந்தின் இந்த ஆக்லாந்து நகரமே எரிமலைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மண் அதிர்ந்தால் கூடுவோம். எச்சரிக்கை நிலையை உயர்த்தலாமா என்று வாக்களிப்போம். அதன் பிறகுதான் அறிவிப்பு, அதுவும் ஒரே குரலில். அதுவரை வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது.

அன்று மவுண்ட் ரோஸ்கில் குடியிருப்புப் பகுதியின் அடியில் சின்னச் சின்ன அதிர்வுகள். "நாளைவரை பார்ப்போம்" என்றார் ஹெலன். என்னால் பொறுக்க முடியவில்லை... அக்கா அங்கேதான் வீடு வாங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாவி கைக்கு வரும். எங்கள் குடும்பத்தில் நான் ஒருவனாவது படிக்கட்டும் என்று சிறுவயதிலேயே மில்லுக்குப் போனவள் அவள்.

"அக்கா, அந்த வீடு வேணாம். அடியில ஏதோ அசையுது."

"டேய், விளையாடுறியா? இப்போ பின்வாங்கினா கட்டின முன்பணம் மொத்தமும் போயிடும்டா!"

மறுநாள் காலையிலேயே அதிர்வுகளின் காரணம் தெரிந்துவிட்டது. அங்கே ஒரு தெருவில் அடுக்குமாடிக்குத் தூண் இறக்கும் இயந்திரம்! எச்சரிக்கை நிலை பூஜ்யத்திலேயே நின்றது. அறிவிக்க எதுவும் இல்லை.

மதியம் அக்கா அழைத்தாள். "என்னடா, நியூஸ்ல ஒண்ணையும் காணோம்? படிச்சவன் சொல்றான்னு உன் மாமாகிட்ட ஒரே சண்டை போட்டுட்டிருக்கேன்."

படித்தவன்... தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதுமே! ஏன் வாய் வரவில்லை எனக்கு?

"ஜனங்க பயந்துடுவாங்கன்னு மறைக்கிறாங்க, அக்கா" என்றேன்.

"அடப் பாவிங்களா!"

அன்றே மாமா வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்று லின்ஃபீல்ட் பகுதியில் வாடகைக்கு இருக்கிறார்கள். கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் அக்கா சொல்கிறாள்: "அறிவிப்பையெல்லாம் நம்பாதீங்க. உள்ள வேலை பாக்குற என் தம்பியே சொன்னான்." எதையும் மறைக்காத ஹெலனைப் பொய்யராக்கியவன் நான். நாளை உண்மையிலேயே எச்சரிக்கை வந்தால், அந்தக் கோயில் கூட்டத்தில் எத்தனை பேர் எழுந்து ஓடுவார்கள்? நீங்களே சொல்லுங்கள்...

அக்காவிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அவளும் மாமாவும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் உழைத்துச் சேர்த்து, திரும்பி வராமலே போன அந்த முன்பணம்: எண்பத்திரண்டாயிரம் டாலர்.