தமிழ் கதைக்காத ஆசிரியை

2006ஆம் ஆண்டின் கடைசி, நல்ல குளிர்காலம். ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் பக்கம் நாங்கள் குடியிருந்தோம். நாலு வயது மகள் வீட்டுக்குக் கிட்டவே இருந்த பார்ணஹாகேக்குப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வயது வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு நோர்வேயில் அதுதான் பெயர்.

ஒருநாள் மாலை மகளைக் கூட்டிவரப் போனபோது, புதிதாக ஒரு ஆசிரியை முழங்காலில் நின்று பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திமூன்று வயது இருக்கும். மாநிறம், நீளமான கறுப்புத் தலைமயிர், பெரிய கண். பார்த்தவுடனேயே எனக்கு வாயெல்லாம் பல். இத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் மகளுக்கு எங்கட ஆள் ஒன்று கிடைத்துவிட்டதே! அந்த நாட்களில் நான் சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் தலையைக் கண்டால் தமிழில் கதைக்காமல் என்னால் இருக்க முடியாது.

“பிள்ளை எந்த ஊர்? அம்மா அப்பா எங்கை இருக்கினம்?” என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, மகள் இன்று நன்றாகச் சாப்பிட்டாள் என்று நோர்வே மொழியில் சொன்னாள்.

அடுத்த நாளும் தமிழில் கேட்டேன். அடுத்த கிழமையும் கேட்டேன். தனக்கு விளங்கவில்லை என்று ஒருமுறை சொன்னாள்தான். நான் நம்பவில்லை. நன்றாக விளங்கிக்கொண்டே விளங்கவில்லை என்று சொல்லும் எத்தனை பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் மேய்த்தவள் நான்!

மூன்றாவது கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. வேலையால் களைத்துப்போய் வந்திருந்தேன். உடுப்பு மாற்றும் அறையில் வேறு தாய் தகப்பன்மாரும் நின்றார்கள். நான் ஏதோ கேட்க, அவள் வழக்கம்போலத் தலையை ஆட்டிச் சிரித்தாள். “தமிழிலை ரெண்டு சொல்லுக் கதைச்சால் வாயிலை இருக்கிற முத்து உதிர்ந்துபோமோ?” என்றேன். அதோடு நின்றிருக்கலாம். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று நோர்வே மொழியிலும் தொடங்கினேன். உன் அம்மா உனக்குத் தமிழ் சொல்லித் தரவில்லையா, தமிழர் என்று சொல்ல உங்களுக்கு அவ்வளவு வெட்கமா என்று கேட்டுவிட்டேன்.

அவள் கையில் இருந்த பிள்ளையின் ஜாக்கெட்டைப் பூட்டி முடித்துவிட்டு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. தன் அம்மா பேர்கனில் பிறந்து வளர்ந்த நோர்வேக்காரி என்றாள். தன்னை ஆறு கிழமைக் குழந்தையாக இலங்கையிலிருந்து தத்தெடுத்து வந்தார்களாம். பெற்றவள் தமிழா சிங்களமா என்று எந்தக் கடதாசியிலும் இல்லையாம். “எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனே,” என்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குக் காது சுட்டது. அதைவிட வெட்கக்கேடான ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரில் சிங்கள இராணுவத்தோடு மறுபடியும் சண்டை மூண்டிருந்த நேரம் அது. என் தம்பி குடும்பம் அங்கேதான் இருந்தது. சிங்களமா என்ற சொல் காதில் விழுந்ததும், மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு அவளுடைய முகத்தைத் திரும்பவும் உற்றுப் பார்த்தேன். மூக்கு, நெற்றி, நிறம் எல்லாம் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மூன்று கிழமையாக அவளைக் கண்டு உருகிய மனம் அந்த ஒரு நிமிடத்தில் பின்வாங்கியது. நான் எதைத் தேடுகிறேன் என்பது அவளுக்கும் விளங்கியது.

பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. மகளைக் கூட்டிவரக் கணவரை அனுப்பினேன். நாலாம் நாள் அவர், “ஏசினது நீர், தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறது நானோ? நாளைக்கு நீரே போம்,” என்று சொல்லிவிட்டார்.

போனேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். அதுவரை நோர்வே மொழியில் நான் மன்னிப்புக் கேட்டதெல்லாம் பஸ்ஸில் யாருடையவாவது காலை மிதித்ததற்குத்தான். இந்தமுறை அழுகைதான் வந்தது. அவளே பேசினாள். எந்த ஊர் என்று நோர்வேக்காரர் கேட்டால் பேர்கன் என்பாளாம். அது சரி, உண்மையில் எந்த ஊர் என்பார்களாம். “நீங்கள் உங்கள் மொழியில் பேசியபோது மட்டும், விளங்காவிட்டாலும், கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. யாரோ என்னைத் தங்கள் ஆள் என்று நினைக்கிறார்களே என்று. அதனால்தான் உங்களுக்கு விளக்கிச் சொல்லாமல் தள்ளிப்போட்டேன்,” என்றாள்.

அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் நாலு பேர் முன்னால் பிடுங்கி எறிந்திருந்தேன்.

பனி உருகி வசந்தம் வந்தபோது, ஒரு தமிழ்த் தாய் தன் மகனைப் புதிதாகச் சேர்க்க வந்தார். ஆசிரியையைக் கண்டதும் என் பக்கம் சாய்ந்தார்.

“அக்கா, அந்தப் பிள்ளை எங்கட ஆளோ?”

“அவ பேர்கன் பிள்ளை.”

“அது சரி அக்கா, சொந்த இடம்?”

“பேர்கன்தான்.”

அவருக்கு அது போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நான் குனிந்து மகளின் ஜாக்கெட்டைப் பூட்டினேன். இங்கேயே பிறந்த என் மகள், எந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு ஒஸ்லோ என்று சொன்னால் அவளை அந்தப் பதிலோடு விட்டுவிட வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேனோ, அதையே மற்றவர் பெற்ற பிள்ளைக்கும் நான் கொடுக்கவேண்டும் என்பதை, ஒரு பிள்ளையை அழவைத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.