எட்டாவது டிஸ்கெட்

மணியம்மா அடித்த கடிதத்தில் பிழை கண்டுபிடித்தவர் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எவரும் கிடையாது. மேனேஜர் துரை எழுதிக் கொடுத்ததில் தப்பிருந்தால் துரையிடமே திருப்பிக் கொண்டுபோய் நீட்டுவாள். தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்து, அம்மாவின் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்து, பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கில் டைப்படிக்கக் கற்றுத் தோட்டத்து ஆபீசில் நாற்காலி பிடித்தவள். முப்பத்திரண்டு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவளுக்கு அவசர வேலை வந்துவிடும்.

அப்படிப்பட்டவளை ஒருவன் தமிழ் எழுத்தை வைத்தே மடக்கினான். 1986இல் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பொருத்த, மலைக்குக் கீழே ஈப்போ டவுனிலிருந்து வேலப்பன் வந்தான். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை, மலை ஈரத்தில் இயந்திரம் படுத்திய பாட்டில் மூன்று மாதம் இழுத்தது. இயந்திரம் மட்டும்தான் இழுத்ததா என்பது மணியம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம். ஆபீஸ் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து, திரையில் தமிழ் வருவதற்கு ஒரு புரோகிராம் செய்தார்கள். அவன் செய்வான், அவள் குறை சொல்வாள்.

"கொம்பு கோணலா இருக்கு."

"இதுக்கு மேல நிமித்துனா ஒடிஞ்சிடும்லா."

"ஒடிஞ்சா ஒடியட்டும். கோணலா வெளிய போகக் கூடாது."

கிளம்புகிற அன்று அவன் டிஸ்கெட்டை அவள் கையில் வைத்தான். "இது யாருக்கும் சொந்தமில்ல மணி. கேக்குறவங்களுக்கெல்லாம் நகல் எடுத்துக் குடு, சல்லிக்காசு வாங்காத. நான் திருத்தித் திருத்திப் புதுசு அனுப்பிக்கிட்டே இருப்பேன்." அவள் சொல்ல நினைத்தது நிறைய. சொன்னது "சரி" மட்டும்.

கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். திரிங்காப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களைப் பார்த்துத் துரை முகத்தைச் சுளித்தார். மழைக்காலத்தில் மண் சரிந்தால் வரவும் முடியாது. யோசித்த மணியம்மா மூன்று இடம் பிடித்தாள்: ரிங்லெட்டில் நூர்தீன் பாயின் எழுதுபொருள் கடை, பிரிஞ்சாங்கில் டைப் வகுப்பு, திரிங்காப்பில் காய்கறி மொத்த வியாபாரியின் ஆபீஸ். மூன்றிலும் கம்ப்யூட்டர் இருந்தது. வெறும் டிஸ்கெட் கொண்டுவந்தால் யாரும் நகல் எடுத்துக்கொள்ளலாம். புதியது தபாலில் வந்ததும் அவள் ரிங்லெட்டுக்கு ஒன்று எடுத்து, காய்கறி லாரி ஓட்டும் ரெங்கசாமியிடம் கொடுப்பாள். பாய் அதிலிருந்து மற்ற இரண்டுக்கும் எடுத்து அனுப்புவார்.

சட்டம் ஒன்றுதான். உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்க வேண்டும் என்று அவள் ஒரு பட்டியல் அடித்து எல்லாருக்கும் கொடுத்திருந்தாள். குறைந்தால் மறுபடி எடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாதது இருந்தால் அழித்துவிட வேண்டும். "மூணு எடத்துலயும் ஒண்ணுபோல இருக்கணும் பாய். ஆளாளுக்கு எதையாச்சும் சேத்தா அப்புறம் சூசாலா, சமாளிக்க முடியாது."

ஆனால் அவளிடம் வரும் டிஸ்கெட்டில் எப்போதும் ஒரு கோப்பு கூடுதலாக இருக்கும். அதன் பெயர் மணி. 'அங்கே பனி இறங்குதா?' என்று ஒருமுறை. 'கொம்பை நிமித்தும்போதெல்லாம் உன் குரல் கேக்குது' என்று இன்னொரு முறை. ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. நகலெடுக்கும் முன் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுப்பாள். பதிலும் போடுவாள். என்ன பதில்? 'ஞ அச்சில் வாலில்லாமல் வருகிறது. கவனிக்கவும்.' அப்படி எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தன்னையே திட்டிக்கொள்வாள். இருந்தும் அடுத்த கடிதத்தில் வேறொரு எழுத்துக்கு வால் இருக்காது.

எட்டாவது டிஸ்கெட் வந்தது 1988 நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை. மழை கொட்டியது, ரோடு எப்போது வேண்டுமானாலும் அடைபடலாம். வெளியே ரெங்கசாமி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் முழு டிஸ்கெட்டையும் அப்படியே நகலெடுத்து அனுப்பினாள். மணி என்ற கோப்பு இருப்பதை மட்டும் திரையில் பார்த்தாள். இந்தத் தடவை அது பெரியதாக இருந்தது. ஒரு பக்கமாவது இருக்கும். ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, பக்கத்தில் நிற்கிறார். திங்கட்கிழமை சீக்கிரம் வந்து, ஆளில்லாத ஆபீசில் நிதானமாகப் படிக்கலாம் என்று எடுத்து வைத்தாள்.

வைத்த இடம்தான் வினை. ஆபீஸ் அலமாரியில் டிஸ்கெட்டுகள் பூஞ்சணம் பிடிக்கும். மலையிலேயே ஈரம் படாத இடம் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் அறை. அங்கே ஒரு பலகைமேல் பிளாஸ்டிக் பெட்டியில்தான் எட்டையும் வைத்திருந்தாள். தூளில் கலந்த ஆணி, இரும்புப் பொடியை இழுக்கச் சல்லடை வாயில் காந்தக் கட்டைகள் மாட்டியிருப்பார்கள். சனிக்கிழமை அவற்றைக் கழற்றித் துடைத்த மாடசாமி, வழக்கமான இடத்தில் பாய்லர் சாமான்கள் கிடந்ததால், பெட்டிமேல் அடுக்கிவிட்டுப் போனார். தினமும் அந்தக் காந்தத்தைப் பார்த்துக்கொண்டேதான் மணியம்மா அங்கே போய்வந்தாள். இரும்பை இழுப்பதோடு டிஸ்கெட்டில் பதிந்ததையும் அது அழிக்கும் என்று அவள் புத்திக்கு எட்டவில்லை.

திங்கட்கிழமை எட்டும் வெறுமையாக இருந்தன. பழைய ஏழிலிருந்த வரிகள் அவளுக்கு மனப்பாடம். எட்டாவதுதான் இல்லை. ஓடிப்போய் ரிங்லெட்டுக்குப் போன் போட்டாள்.

"பாய், வெள்ளிக்கிழம அனுப்புன டிஸ்கெட்ல எம் பேர்ல ஒரு கோப்பு இருக்கும். அத மட்டும் எடுத்து வைங்க."

"பட்டியல்ல இல்லியே தங்கச்சி. அத அழிச்சிட்டுத்தான் மத்த ரெண்டு எடத்துக்கும் எடுத்தேன். இல்லாதத அழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அழிக்க முந்தி படிச்சுப் பாத்தீங்களா பாய்?"

"பொம்பளப் புள்ள பேர் போட்டிருக்கு. நான் தொறப்பேனா?"

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவன் வேலை பார்த்த ஈப்போ கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தால், அவன் வேலையை விட்டு நாலு நாளாயிற்று, கப்பல் வேலை என்று பேச்சு, விலாசம் தெரியாது என்றார்கள். அந்த ஒரு பக்கத்தில் விலாசம் இருந்திருக்கும். கேள்வியும் இருந்திருக்கும். என்ன கேள்வி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஒரு வாரம் கழித்து, பாயிடமிருந்து திரும்ப வாங்கிய நகலில் புரோகிராமோடு வரும் 'படிக்கவும்' என்ற விளக்கக் கோப்பைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே அடித்தாள்: 'வேலப்பனுக்கு. எட்டாவதில் நீங்கள் எழுதியதைப் படிக்குமுன் அழிந்துவிட்டது. என்ன கேட்டிருந்தாலும் எனக்குச் சம்மதம். மணி.' அந்தக் கோப்பு பட்டியலில் இருந்தது. யாரும் அழிக்க முடியாது. மூன்று இடத்துக்கும் அனுப்பினாள். மலை முழுக்கச் சிரிப்பார்கள் என்று தெரிந்தே அனுப்பினாள். இந்தப் புரோகிராம் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போகிறது, ஒருநாள் அவன் கைக்கும் போகாதா?

அடுத்த ஆகஸ்டில் கிள்ளானிலிருந்து ஓர் ஆசிரியர் ஒரு டிஸ்கெட்டை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போய், பாயின் கடையில் திறந்தாள். அவள் வரி ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. அதன் கீழே யார் யாரோ சேர்த்திருந்தார்கள். 'ஈப்போவில் விசாரித்தோம், இல்லை.' 'அக்கா, வந்தாரா? சுங்கை சீப்புட் தமிழ்ப்பள்ளி.' 'தம்பி வேலப்பன், எங்கிருந்தாலும் பதில் போடு. கிள்ளான்.' பதினோரு வரிகள். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டாம் முறையும் பார்த்தாள். ஒன்றும் அவன் எழுதியதில்லை.

நூர்தீன் பாய் தொண்டையைச் செருமினார். "கண்டவங்களும் எழுதி வச்சிருக்காங்க. நம்ம நகல்ல இதெல்லாம் அழிச்சிடவா தங்கச்சி?"

"ஒரு எழுத்தும் அழிக்காதீங்க பாய். அப்படியே குடுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். "இதுக்குக் கீழ இன்னும் எடம் இருக்குல்ல?"

"இருக்கே, நெறைய."

"ஒரு வரிக்கு இருந்தாப் போதும்."